வந்துட்டேன்

தொழிற்சாலை கேன்டீனில் மாஸ்டருக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர் உண்டு. இலக்கணம். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கையில் எப்போதும் நீளமான கரண்டி ஒன்று இருக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். நூற்றெண்பது பேருக்குச் சோறு வடிக்கிற மனிதருக்கும் இலக்கணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பார்கள். அரை மணி நேரம் பொறுத்தால் போதும், தானே விளங்கிவிடும். காய்கறி வண்டிக்காரரிடமிருந்து போன் வரும்.

"இதோ வந்துட்டேன் மாஸ்டர்."

"எங்க வந்துட்ட? என் கண்ணுக்குத் தெரியலையே."

"பாலத்துக்கிட்ட மாஸ்டர். ரெண்டே நிமிஷம்."

"பாலத்துக்கிட்ட இருந்தா பாலத்துக்கிட்ட இருக்கேன்னு சொல்லு. வந்துகிட்டு இருந்தா வந்துகிட்டு இருக்கேன்னு சொல்லு. என் முன்னாடி வந்து நின்னப்புறம் வந்துட்டேன்னு சொல்லு. புரியுதா?"

நம் பேச்சில் இது ஒரு வேடிக்கைதான். செருப்புக்குள் காலைக்கூட நுழைத்திருக்க மாட்டோம், வந்துட்டேன் என்போம். தலை முழுக்கச் சோப்பு நுரையோடு நின்றுகொண்டு வந்துட்டேன் என்று குரல் கொடுப்போம். கேட்கிறவரும், சரி, இன்னும் கால் மணி நேரம் ஆகும் என்று எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. மாஸ்டருக்கு மட்டும் அந்தச் சொல் ஆகவே ஆகாது. வீட்டிலும் அதே சட்டம்தான். கல்யாணமான புதிதில் மனைவி இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு 'வர்றேன்' என்று மாறிக்கொண்டாள். மகளுக்குப் பேச்சு வரும்போதே 'வர்றேன்' தான் வந்தது. ஏன் எதற்கு என்று அவர்கள் கேட்டதுமில்லை, இவர் சொன்னதுமில்லை.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் மகள் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. போவதற்கு முன்னால் அப்பாவை ஐந்து நாளாவது அடுப்பிலிருந்து பிரித்து உட்கார வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. போனில் படங்களைப் பார்த்துக் கடலோரமாக ஒரு வீட்டைப் பிடித்தாள். "சமையல் வசதியோடன்னு போட்டிருக்குப்பா. நீங்க காலை நீட்டி உட்காருங்க, சாப்பாடு வரும்" என்றாள். அத்தையும் வரட்டும் என்று மாஸ்டரின் அக்காவையும் சேர்த்துக்கொண்டாள். மாஸ்டர் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

அவர்கள் ஊரிலிருந்து கடல் என்றால் அந்த ஒரு கரைதான் பக்கம். நாலு மணி நேரப் பயணம். மாஸ்டர் நாற்பத்தொரு வருடமாக அந்தச் சாலையில் போனதில்லை. வண்டி கடைசி வளைவில் திரும்பியதும் கறுப்புப் பாறைகள் தெரிந்தன. மாஸ்டர் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த அக்கா தன் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். வீடு வந்து சேரும்வரை தேடிக்கொண்டே இருந்தாள்.

வீடு நல்ல வீடுதான். வெள்ளைச் சுவர், இரண்டு அறை, ஓரமாக ஒரு சுற்றுச்சுவர், அது முடிகிற இடத்தில் மணல். சாவி கொடுக்க வந்த அம்மாள் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டி, கடைசியாகச் சமையலறையைக் காட்டினாள். அடுப்பு, பாத்திரங்கள், ஆறு தட்டு, சுவரில் ஒட்டிய காகிதம்: 'விருந்தினர் தாங்களே சமைத்துக்கொள்ளலாம்.'

"சமையல் வசதின்னா சமைச்சுத் தருவீங்கன்னு நினைச்சேன்" என்றாள் மகள், சன்னமாக.

"வசதி இருக்கு. சமைக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றாள் சாவிக்கார அம்மாள்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "நூத்தெண்பது பேரை விட்டுட்டு நாலு மணி நேரம் வண்டியில வந்து இன்னொரு அடுப்பைப் பிடிச்சுக் கொடுத்திருக்கா, பாருங்க உங்க பொண்ணு." மாஸ்டர் சிரித்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு உயிர் வந்தது. அடுப்பு இருந்தால் கடல் பக்கம் போகாமலிருக்க ஒரு சாக்கு கிடைக்கும் அல்லவா. ஆனால் அடுப்புக்கு மேலே ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். வீடு கட்டியவனுக்கு வேறு சுவரே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

முதல் நாளே ஓய்வின் லட்சணம் தெரிந்துவிட்டது. பாதிச் சோறு வேகும்போது கேஸ் தீர்ந்தது. குழாயில் வந்த தண்ணீர் உப்புக் கரித்தது. உப்புக் காற்றில் ஊறிய கதவுகள் ஒன்றும் ஒழுங்காகத் திறக்கவில்லை, திறந்தால் மூடவில்லை. வெளியே குளியலறை என்று ஒன்று இருந்தது, கடலில் நனைந்து வருகிறவர்கள் மணலைக் கழுவிக்கொள்ள. அதன் கதவை மூட இடுப்பால் ஒரு இடி, திறக்கக் காலால் ஒரு உதை. மனைவி துவைத்துப் போட்ட துண்டைக் காற்று தூக்கிக்கொண்டு போய், அடுத்த வீட்டு நாய் அதன்மேல் படுத்திருந்தது. மாஸ்டர் நாலு பேருக்கு அளவாகச் சமைக்கத் தெரியாமல் தவித்தார். கை பிடி பிடியாகத்தான் உப்பை அள்ளியது. மிஞ்சியதைச் சாவிக்கார அம்மாளும் நாயும் பகிர்ந்துகொண்டார்கள், நாய்தான் குறை சொல்லாமல் சாப்பிட்டது.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதியில் அவள் வார்டன். மாலையில் எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று பார்ப்பது அவள் வேலை. கையெழுத்துப் புத்தகம் இருக்கிறது, அதை அவள் திறந்தும் பார்ப்பதில்லை. நேராக வாசலுக்குப் போவாள், செருப்புகளைப் பார்ப்பாள். இந்தப் பச்சை வார் இல்லையே, மூன்றாம் அறைப் பெண் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடுவாள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. விடுமுறை வீட்டிலும் அந்த வேலையை விடவில்லை. வாசலில் நாலு ஜோடியையும் வரிசையாக வைப்பாள், யாராவது மாற்றிப் போட்டால் எரிந்து விழுவாள். "அத்தை, செருப்புக்கும் ரூம் போட்டிருக்கலாம்" என்று மகள் கிண்டல் செய்தாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி அந்தப் பழைய கதை. மாஸ்டருக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு, அண்ணனுக்குப் பதினாலு. அப்பா நாலு நாள் விடுப்பு எடுத்து, இதே கரையில் வரிசையாகக் கட்டியிருந்த வாடகை அறைகளில் ஒன்றுக்குக் கூட்டி வந்தார். அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், "அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுடா" என்று அம்மா அனுப்பினாள். சின்னவன் அறை வரிசையின் சுவர் முனைவரை ஓடினான். அதற்குமேல் மணல் கொதித்தது, காலில் செருப்பு இல்லை. அங்கேயே நின்று, "அண்ணா, சாப்பிட வா" என்று கத்தினான். பாறைமேல் நின்ற அண்ணன் கையை உயர்த்தி, "வந்துட்டேன்" என்றான். இவன் திரும்பி ஓடினான். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டானா?"

"வந்துட்டான்மா."

அவ்வளவுதான் நடந்தது. அண்ணன் சொன்ன சொல்லை இவன் அப்படியே கொண்டு வந்து கொடுத்தான், கொடுக்கும்போது அதன் பொருள் மாறிவிட்டது. பின்கட்டுக் குழாயில் கால் கழுவுகிறான் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அவன் தட்டில் சோற்றைப் போட்டு மூடி வைத்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மூடிய தட்டு அப்படியே இருப்பதை அம்மா பார்த்தாள். அதற்குப் பிறகு கரையில் ஓடியதும், படகுக்காரர்களைக் கூப்பிட்டதும், உடல் கிடைத்ததும் எல்லாம் வேறு யாருக்கோ நடந்ததுபோல்தான் மாஸ்டருக்கு நினைவிருக்கிறது. அந்த ஒற்றைச் சொல் பதில் மட்டும் அப்படியே இருக்கிறது.

எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடம் அம்மா, "வந்துட்டான்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னாள். சின்னவன் சொன்னான் என்று சொல்லவே இல்லை. "பெத்த பிள்ளை வந்தானா வரலையான்னு உனக்குத் தெரியாதா?" என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதையும் வாங்கிக்கொண்டாள். மறந்துவிட்டாளா, மறைத்தாளா? மாஸ்டருக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவும் போய் எட்டு வருடம் ஆகிறது. 'நான்தான் சொன்னேன்' என்ற இரண்டு சொற்களை அவர் யாரிடமும், கட்டிய மனைவியிடம்கூட, சொன்னதில்லை. பெரியப்பா சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டார் என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்தப் பொய்யை முதலில் சொன்னது அக்கா.

இரண்டாம் நாள் மத்தியானம் மீனைப் பொரித்து இறக்கிவிட்டு மாஸ்டர் சுவர் முனைக்கு வந்தார். மணலில் மூன்று பேரும் தள்ளித் தள்ளி இருந்தார்கள். மகள் நீரோரத்தில், மனைவி குடை நிழலில், அக்கா தண்ணீருக்கு முதுகைக் காட்டி.

"சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார்.

"வர்றேன்ப்பா."

"வர்றேங்க."

"வர்றேன்டா."

"வந்துட்டேன்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நாலாவது குரல் பாறைப் பக்கமிருந்து வந்தது. உடைகிற வயதுக் குரல், பாதி ஆண், பாதி பையன். பாறைமேல் யாரும் இல்லை. அலைதான், காற்றுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். மகளும் மனைவியும் பேசிக்கொண்டே எழுந்து வந்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. பாறையைப் பார்க்காமல் இருப்பதற்காகவே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தாள். பிறகு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது மாஸ்டர் தட்டுகளை எடுத்து வைத்தார். ஐந்து வைத்திருந்தார். மகள் எண்ணிப் பார்த்துவிட்டு, "யாருப்பா விருந்தாளி?" என்றாள். "கேன்டீன் கை" என்று சொல்லி ஐந்தாவதைத் திரும்ப உள்ளே வைத்தார்.

மூன்றாம் நாள் அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராகப் போய்த் தோளைத் தொட்டு அழைத்து வந்தார். "என்னங்க, ஆஸ்பத்திரியிலயா இருக்கோம்?" என்று மனைவி சிரித்தாள்.

நாலாம் நாள் மத்தியானம்தான் அது நடந்தது. மாஸ்டர் வாசல் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அக்கா கதவருகில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்று அடுப்பை மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள், ஒரு நாளாவது உட்காருங்கள் என்று. மகள் கடலுக்குப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அலை அன்று கொஞ்சம் பெரிது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெலிதாக, தெளிவாக, "வந்துட்டேன்" என்று கேட்டது.

உள்ளேயிருந்து மனைவி கேட்டாள், "பொண்ணு வந்துட்டாளா?"

சோறு வடிக்கிற சத்தம் கேட்டது. மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டரின் வாய் தானாகத் திறந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஜோடிச் செருப்புதான் இருந்தது.

"செருப்பு இல்லடா" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் ஓடினார்கள். ஐம்பது வயதும் ஐம்பத்துமூன்று வயதும், வெறுங்காலோடு, கொதிக்கிற மணலில். நீரோரத்தில் மகளின் துண்டு கிடந்தது, மகள் இல்லை. மாஸ்டர் நேராகத் தண்ணீருக்குள் இறங்கினார். நாற்பத்தொரு வருடமாகக் காலைக்கூட நனைக்காத மனிதர் இடுப்பளவு நீரில் நின்று மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். அக்கா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு தானும் இறங்கியிருந்தாள். அலை இரண்டு பேரையும் ஒரு தள்ளு தள்ளி உட்கார வைத்தது.

மகள் அந்த நேரம் வெளிக் குளியலறைக்குள் இருந்தாள். பாறைகளைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து, செருப்போடு உள்ளே போய், கதவை இடித்து மூடியிருந்தாள். கதவு அதற்குப் பிறகு அசையவில்லை. இருபது நிமிடமாகத் தட்டிக்கொண்டிருக்கிறாள், கடல் இரைச்சலில் யாருக்கும் எட்டவில்லை. கடைசியில் மனைவிதான் கேட்டு, வந்து ஒரு உதை விட்டுத் திறந்தாள். தாயும் மகளும் கரைக்கு வந்தபோது, கடலோரத்தில் வயதான குழந்தைகள்போல் இரண்டு பேர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்கள்.

மாஸ்டர் மகளைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. அவள் பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"என்னப்பா? எங்க போயிட்டேன்னு நினைச்சீங்க?"

"வந்துட்டேன்னு சொன்னியேம்மா."

"நானா? நான் எங்கப்பா அப்படிச் சொன்னேன்? நம்ம வீட்டுல அது கெட்ட வார்த்தையாச்சே. கதவு திறக்கலைன்னுதான் கத்தினேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். அழுகை வந்தது, அதை மறைக்கவில்லை. அந்த ஈர மணலிலேயே சொல்ல ஆரம்பித்தார். அண்ணன் காய்ச்சலில் போகவில்லை என்றார். இந்தக் கடல்தான், அந்தப் பாறைதான் என்றார். "அம்மா கேட்டாங்க. நான்தான் வந்துட்டான்னு சொன்னேன். மணல் சுட்டுச்சு, அதனால பக்கத்துல போகல. போயிருந்தா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன். முக்கால் மணி நேரம் யாரும் தேடல. நான் சொன்னதாலதான் தேடல."

மனைவி அவருக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். புடவை நனைவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"செருப்பு வாசல்ல இல்ல" என்றாள் அக்கா.

இன்றைய விஷயத்தைச் சொல்கிறாள் என்று மகள் நினைத்தாள். மாஸ்டருக்கு மட்டும் புரிந்தது. அவர் மெதுவாகத் திரும்பினார்.

"அன்னைக்கு. நீ வந்துட்டான்னு சொன்னே இல்ல, நான் வாசல்ல இருந்தேன். அவன் செருப்பு அங்க இல்ல. அவன் வரலைன்னு எனக்குத் தெரியும்டா. நீயும் அவனும் கூட்டுச் சேர்ந்து அம்மாவை ஏமாத்துறீங்கன்னு நினைச்சேன். காலையில அவன் என் சீப்பை உடைச்சுட்டான், கோபம். மாட்டட்டும், நல்லா வாங்கட்டும்னு வாயை மூடிக்கிட்டேன். சோறு சாப்பிட்டேன். ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்."

"அக்கா."

"நீ சின்னப் பையன், தெரியாம சொன்னே. நான் தெரிஞ்சே சொல்லல." அவள் குரல் அசையவே இல்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "முந்தாநாள் நீ சாப்பிடக் கூப்பிட்டப்ப, நாலு குரல் கேட்டுச்சு. உனக்கும் கேட்டுச்சுன்னு நீ வச்ச அஞ்சாவது தட்டைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். எனக்கு இது புதுசு இல்லடா. விடுதியில தினமும் சாயங்காலம் எல்லாச் செருப்பும் வந்து சேர்ந்தப்புறம் ஒரு தடவை அவன் குரல் கேட்கும்."

மகள் அத்தையின் ஈரத் தலையைத் தன் துண்டால் துவட்ட ஆரம்பித்தாள். சமையலறையில் பாதி வடித்தபடி விட்டு வந்த சோறு குழைந்து களியாகிவிட்டது. அன்று எல்லாரும் ரொட்டி தின்றார்கள்.

ஐந்தாம் நாள் கிளம்ப வேண்டும். வண்டி மூன்று மணிக்கு வரும். அதற்கு முன்னால் கடைசிச் சாப்பாடு. மாஸ்டரும் அக்காவும் சேர்ந்து சமைத்தார்கள். அக்கா தட்டுகளை வைத்தாள், ஐந்து. இந்தத் தடவை யாரும் விருந்தாளி யார் என்று கேட்கவில்லை.

மாஸ்டர் வெளியே வந்தார். சுவர் முனையில் நின்றார். மணல் கொதித்தது. செருப்பு போடாமல் அதில் இறங்கி, நீரோரம்வரை நடந்து, பாறைக்கு எதிரில் போய் நின்றார்.

"அண்ணா, சாப்பிட வா."

காத்திருந்தார். அலை வந்தது, போனது. மறுபடியும் கூப்பிட்டார். எத்தனையோ வருடமாகக் காதுக்குள் குடியிருந்த குரல் அன்று வாயைத் திறக்கவில்லை. உள்ளங்கால் எரிய எரிய, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சமையலறையில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"வந்துட்டானா?" என்றாள்.

மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லக்கா. அவன் வரலை."

அக்கா பானையை அப்படியே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைப் புடவையில்கூடத் துடைக்காமல், அவரைத் தாண்டி வாசலுக்கு வந்து, செருப்புகளைப் பார்க்காமல், வெறுங்காலோடு பாறையை நோக்கி ஓடினாள்.